தூக்கிய கை ஒன்றுதான்

என் வீட்டு மகாராஜாவுக்கு, உங்கள் ராணி கும்பிட்டு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போட்டு நின்று நின்று, கால்தான் என்னைத் திட்டுகிறது.

இங்கே ஒரு கூத்து. கம்பெனி விடுதியில் ஒரே டிவி. டிரைவர்கள் பந்தாட்டம் பார்த்துக் கத்துவார்கள், தோற்றால் சோறு இறங்காது. அது பெரிய விஷயமாம். நான் உட்காருவதே நாடகம் வரும் அந்த அரைமணிதான். அதற்கு, "அழுமூஞ்சிக் கதை எதுக்கு?" என்று வார்டன் அம்மாவே சேனலை மாற்றுகிறாள். சண்டை போட்டேன்.

"சரி, நாடகம் வேணுங்கறவங்க கை தூக்குங்க" என்றாள்.

தூக்கியது நான் ஒருத்திதான்! தினமும் நாடகம் பார்த்து என் முந்தானையில் மூக்கைச் சிந்தும் சமையல்காரி, "எனக்கு அந்தக் கண்றாவியெல்லாம் பிடிக்காதுப்பா" என்கிறாள். ஆம்பளைகள் முன்னால் அவ்வளவு கௌரவம். நாடகம் போயே போச்சு. அறைக்கு வந்ததும் அதே புண்ணியவதி, "அக்கா, அந்தப் பொண்ணு மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாளா?" என்கிறாள். எங்கே போய் முட்டிக்கொள்ள?

அதனால் நீங்கள் பார்த்துக் கதையை எழுதுங்கள். "பொம்பளை நாடகம் எனக்கெதுக்கு" என்று அளக்காதீர்கள். துண்டை உதறுகிற சாக்கில் கதவோரம் நின்றே முழுசும் பார்த்த ஆள் யாரென்று எனக்குத் தெரியும். இனி என் நாற்காலியில் உட்கார்ந்தே பாருங்கள். காலியாகத்தானே கிடக்கிறது.

தைலத்தை மறக்காதீர்கள். வேலைக்கு மணி அடித்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் அழுமூஞ்சி