சிவப்புத் துணியை வெயிலில் உதறி அனுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் ஐக்கிலேயில் மழை பிடித்துவிட்டதா? இங்கே வலென்சியாவில் குளிர். ஓட்டலில் படுக்கை விரித்து விரித்து இடுப்பு விட்டுப்போகிறது. மற்றபடி சுகம்தான்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன், பயப்படாதே. சொந்த நாடு பொலிவியா என்றதுமே நர்ஸ் ரத்தம் எடுத்தாள்.

"உங்க வீட்டுச் சுவத்துல பூச்சி உண்டா?"

"வின்சூக்காவா? அதுங்க எங்ககூடதான் படுக்கும்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அது ரத்தம் குடிக்கும்போது அதன் எச்சத்திலிருந்து ஒரு கிருமி உடம்பில் ஏறுமாம். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து இதயத்தைக் கெடுக்குமாம். எனக்கு இருக்கிறது. மாத்திரை உண்டு, ஆனால் இப்போது தரமாட்டார்களாம்.

நரிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் அடைக்கிறாயே, அந்தக் கோழிகளுக்கு வெளியே கூடு கட்டு. பூச்சி அதுகளோடுதான் தங்குகிறது. தம்பி செனோனைச் சுவர் வெடிப்பை எல்லாம் பூசச் சொல். "அப்பாவே நெஞ்சடைச்சுத்தான செத்தாரு, பூச்சி என்ன பண்ணுச்சு?" என்பான். அதனால்தான் அக்கா சொல்கிறாள் என்று சொல். நீங்கள் இருவரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

பஸ் வரும் நேரம். என்னை முதுகில் கட்டிச் சுமந்தாயே, அந்தச் சிவப்புத் துணி இருக்கிறதா? ஏப்ரலுக்குள் வேண்டும். தாயிடமிருந்து பிள்ளைக்கும் இந்தக் கிருமி போகலாமாம். பிறந்ததும் பார்த்து மருந்து கொடுத்தால் தீர்ந்துவிடுமாம். உன்னைக் குறை சொல்லவில்லை, அம்மா.

மடிப்பதற்கு முன் துணியை வெயிலில் நன்றாக உதறு.

நிக்காசியா