நின்ற பிறகு வந்தது

என் தங்கத்துக்கு,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது நான்கு பேர்: உன் பெரியம்மா, அவள் நாத்தனார், எதிர்வீட்டுத் தையல்காரி, நான்.

பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் எழுந்தபோது நீல நாற்காலியில் கறை.

"அக்கா மறுபடி வயசுக்கு வந்துட்டாங்க" என்றாள் தையல்காரி.

"அண்ணன்கிட்ட சொல்லிடவா?" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் சிரித்தோம். பெரியம்மாவும் சிரித்தாள். பிறகு சமையலறையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"டாக்டர்கிட்ட போலாம், கூட வர்றியாடி?"

"இந்த வயசுல அப்படித்தான் முன்னப்பின்ன வரும். விடுக்கா."

எட்டு மாதம் கழித்துத்தான் போனோம். "நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். புற்று கர்ப்பப்பையைத் தாண்டியிருந்தது. அந்த வருஷம் முடியும்போது அவள் இல்லை.

அந்த நாற்காலியில் நான் ஏன் யாரையும் உட்காரவிடுவதில்லை என்று கேட்பாயே, இதற்குத்தான். இன்றைக்கும் சில மத்தியானங்களில் என் மணிக்கட்டு சில்லென்று ஆகிவிடும்.

நேற்று நீ ஃபோனில், "நின்னு ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்ப வந்திருக்கும்மா" என்று சிரித்தாய். இதைச் சொல்ல ஃபோன் போதாது. அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை உன்னை டாக்டரிடம் கூட்டிப்போக நானே வருகிறேன், புறப்பட்டு இரு.

நாத்தனாரை மன்னித்துவிட்டேன். தையல்காரிக்கு அப்புறம் ஒரு துணிகூடத் தைக்கக் கொடுத்ததில்லை, ஆனாலும் மன்னித்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் உன் வாசலில் வந்து நிற்கப்போகிறவளை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அம்மா