சூப் பானையும் மூன்று செவ்வாய்க்கிழமைகளும்

9 பிப்ரவரி 2009, திங்கள்

முப்பத்தோரு வருஷமாக இந்தப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்கு வரைபடம் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று நானே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆசிரியர்களுக்குப் புதிய வடிவமைப்புப் பயிற்சியாம். நடத்துபவன் தலைநகர் லிஸ்பனிலிருந்து வந்த தெல்மோ. சட்டையை உள்ளே விடத் தெரியவில்லை.

"முதல் நாளே பிள்ளைங்க கையில பென்சில் குடுக்காதீங்க. யாருக்காகச் செய்றாங்களோ, முதல்ல அவங்களப் போய்ப் பாக்கட்டும்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னான். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் என் வகுப்பைப் பிடுங்கத்தான் இந்த ஏற்பாடு.

11 பிப்ரவரி

நான் வாய் திறந்தாலே நோட்டில் ஏதோ குறிக்கிறான்.

15 பிப்ரவரி, ஞாயிறு

எனக்குக் கொடுத்த வேலை: கல்லூரிச் சமையற்காரி இடலினா பெரிய சூப் பானையைச் சாய்க்க ஒரு தாங்கி. அவளை மூன்று முறை சந்தித்துக் குறிப்பெழுதிய பிறகே வரைய வேண்டுமாம். பானையின் அளவு தெரிந்தால் போதாதா? தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து வரைந்துவிட்டேன். ஒரு கோடு அழிக்கவில்லை.

4 மார்ச்

சந்திப்புக் குறிப்புகளைக் கேட்டான். பிப்ரவரி 17, 24, மார்ச் 3. மூன்று செவ்வாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், எல்லாம் நானே இட்டுக்கட்டியது. தவக்காலத்தில் பொய். கான்வென்ட் சகோதரிகள் பழக்கிய கையெழுத்தில்.

"எழுத்து ரொம்ப அழகு, டோனா எர்மெலிந்தா" என்றான், மரியாதைக்கு ஒரு 'டோனா' சேர்த்து. அவ்வளவுதான். ஏன் அவ்வளவோடு விட்டான்?

13 மார்ச், வெள்ளி

அவமானம். தாங்கியை எல்லார் முன்னாலும் அடுப்பருகே வைத்தார்கள். இடலினா கைப்பிடியைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை.

"இது வலப்பக்கம்ல இருக்கு."

தாங்கியைச் செய்த பட்டறை அபீலியோ அமெரிக்காவில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அங்கே ஒரு பொருளின் பக்கத் தோற்றங்களை வரைபடத்தில் நம்மூருக்கு எதிர்ப்புறமாக, வலம் இடமாக, வரைவார்கள். "நீ அமெரிக்கக் கணக்குல படிச்சு மாத்திச் செஞ்சுட்டே" என்றேன்.

அவன் என் தாளைத் தாங்கிமேல் விரித்தான். "நீங்க போட்டது போட்டபடி இருக்கு, டோனா. பாத்துக்குங்க."

இருந்தது.

"என் வலது தோளு பத்து வருஷமா மேல வராது" என்றாள் இடலினா. "ஒருத்தரும் கேக்கலியே."

தெல்மோ நோட்டை மூடிக்கொண்டான்.

14 மார்ச்

பிப்ரவரி 24 கார்னிவல்! தவக்காலத்துக்கு முந்தின கொண்டாட்டம்; சமையலறை பூட்டிக் கிடந்த நாள். குறிப்பைப் படித்த அன்றே அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குறிப்புகளை முதல்வரிடம் கொடுக்க வைத்திருக்கிறானா?

16 மார்ச்

சமையலறைக்குப் போனேன். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் இடலினா; ஒரு கத்தியையும் ஒரு கூடை உருளைக்கிழங்கையும் என் பக்கம் தள்ளினாள். இரண்டு மணி நேரம் உரித்தேன். தோலைத் தடிமனாகச் சீவுகிறேனாம். பானையை இடுப்பில் முட்டுக்கொடுத்து இடக்கையால் சாய்க்கிறாள். எந்த அளவுநாடாவிலும் அது வராது.

20 மார்ச்

கடைசி வகுப்பு. எழுந்து நின்று சொன்னேன்: மூன்று சந்திப்பும் பொய். தப்பு அபீலியோவுடையது அல்ல, என்னுடையது.

"கார்னிவல் அன்னிக்கு ஊரே பூட்டியிருக்கும், டோனா" என்று தெல்மோ சிரித்தான். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இருக்கலாம். அந்த நோட்டை மட்டும் இன்னும் காட்டவில்லை.

21 செப்டம்பர், திங்கள்

முதலாண்டு, முதல் நாள். வகுப்பு என்னிடமே இருக்கிறது. நாற்பது பேரையும் வரிசையாகச் சமையலறைக்கு நடத்திப்போனேன்.

"எனக்கு இருக்கறது ரெண்டே தோளு, டோனா! இத்தனை பேருமா?" என்றாள் இடலினா, இடக்கையால் பானையைச் சாய்த்தபடி. கைப்பிடியை இடப்பக்கம் மாற்றி நான் திரும்ப வரைந்த புதுத் தாங்கியில்.

பென்சில்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பூட்டியிருக்கிறேன்.