முன் சக்கரம் சுற்றாத ஜீப்

ஞாயிறு.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

எங்கள் பெங்களூர் வைட்ஃபீல்ட் குடியிருப்பின் மேல்மாடிக்காரர் முருகேசனிடம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கினேன். "மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்குங்க" என்றாள் மனைவி. நம் சேலத்துக்காரரைச் சந்தேகப்படுவதா என்று கூச்சப்பட்டேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதோடு என் பரிசோதனை முடிந்தது. பொங்கல் விழா மேடையில் நன்றி சொன்னபோது என் பெயரை மட்டும் விட்டவர் அவர். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

போன வாரம் ஏரிக்கரைச் சேற்றில் வண்டி சிக்கியது. முன் சக்கரங்கள் அசையவே இல்லை. அவற்றைச் சுற்றவைக்கும் ஷாஃப்டையே கழற்றியிருக்கிறார். கேட்டதற்குச் சிரித்தார்: "பெங்களூர் டிராஃபிக்ல நாலு சக்கரமும் எதுக்கு சார்? மைலேஜ் வரட்டும்னுதான்."

இன்று லிஃப்டில், புதிதாகக் குடிவந்தவரிடம் தன் தம்பியின் ஜீப்பை விலை பேசிக்கொண்டிருந்தார் முருகேசன். "சாரையே கேளுங்க, நம்மகிட்ட வாங்கினவர்தான்."

ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கம். நல்ல வண்டிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டேன். அதுதான் இப்போது தூங்கவிடவில்லை. அந்த மனிதர் நாளை அட்வான்ஸ் கொடுக்கிறாராம்.

காலையில் லிஃப்டில் ஒரு தாள் ஒட்டிவிடுவேன்: முருகேசன் விற்கும் ஜீப்பை, முன் சக்கரங்களைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். இங்கே அவரிடம் வண்டி வாங்கியவன் நான் ஒருவன்தான், அது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பெயர் போட மாட்டேன்.