இடப்பக்கம் சுற்றிய சக்கரம்

மே 8, வெள்ளி

எங்கள் காலனித் தெரு குறுகல் என்று கோயில் கமிட்டிக்காரர்கள் சொல்வது பொய். கரும்பு டிராக்டர் நுழைகிறது. தண்ணீர் லாரி நுழைகிறது. ஓட்டுக் கேட்க ஜீப் வரிசையாக நுழைகிறது. ஜாத்திரைத் திருவிழாவில் கங்கம்மா சாமி வண்டி மட்டும் நுழையாதாம்.

திருப்பதியிலிருந்து காலை பஸ். வெயில் கொளுத்துகிறது. நான் வேலை பார்த்த, மோட்டார் காயில் கட்டும் கடையில் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வியாழக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புது கம்பெனியில் சேர வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி. நேரத்துக்கு வராதவன் பெயரை அடித்துவிடுவார்களாம்.

அம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு. கரும்புக் காட்டு வரப்பில் வழுக்கியதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் சாமி பார்க்கப் பூஜைத் தட்டோடு தெரு முனையில் போய் நிற்பாள். "இந்த வாட்டி மொனைக்குக் கூட போவ முடியாதுடா. கங்கம்மா மொகத்தைப் பாக்காத போவுதே வருசம்."

நைனா தப்பட்டையை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். தப்பட்டை அடிக்காமல் கங்கம்மா வண்டி ஒரு அடி நகரக் கூடாது, ஊர் வழக்கம். அடிப்பது நாங்கள். எங்கள் தெருவுக்கு வண்டி வராது. இதில் யாருக்கும் வெட்கமில்லை.

வாங்க வேண்டியவை: செருப்பு, போட்டோ, சோப்பு டப்பா.

மே 9, சனி

நாங்கள் ஏழெட்டுப் பேர் கமிட்டித் தலைவர் கோபாலண்ணன் வீட்டுக்குப் போனோம். வாசலோடு பேச்சு.

"தெருவுக்குத்தான் இப்ப சிமெண்ட் ரோடு போட்டாச்சே அண்ணா, வண்டி வரட்டும்."

"ரோடு வந்துடுச்சி, சாஸ்திரம் மாறுமா? உங்க தெரு இடப்பக்கம்ரா. அம்மவாரு வலம்தான் போவணும். இடப்பக்கம் திரும்பினா ஊருக்கு ஆவாது."

ரோடு போட்ட பிறகு பிறந்த சாஸ்திரம். போன வருடம்வரை இதை யாரும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தால் நைனா என்னைத்தான் திட்டுகிறார். "நீ கம்பெனிக்குப் போய்க்கினு இருப்பே. நாங்க இங்கதானே கீறோம்?"

அம்மாவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

மே 10, ஞாயிறு

இன்று சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

சாமிக்குப் பின்னால் சுற்றும் பல்பு சக்கரம். பழைய மோட்டார் எரிந்துபோய், சித்தூர் பழைய இரும்புக் கடையில் வேறொன்று வாங்கி வந்திருக்கிறார்கள். டிராக்டர்தான் சாமி வண்டி; அதில் மாட்டி சுவிட்ச் போட்டதும் சக்கரம் இடப்பக்கமாகச் சுற்றியது. சாவுக்குத்தான் இடம் சுற்றுவார்கள். கூட்டத்தில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

போர் மோட்டார் மெக்கானிக் மணி செய்து பார்த்தவை:
பிளக்கைத் திருப்பிச் சொருகினான். அதே பக்கம்.
இரண்டு ஒயரையும் மாற்றிக் கட்டினான். அதே பக்கம்.
மறுபடி மாற்றினான். அதே.
மோட்டாரையே திருப்பி வைத்தான். பல்பெல்லாம் சாமிக்கு முதுகைக் காட்டின.

"எத்தினி போர் மோட்டார் பாத்திருக்கேன், ரெண்டு ஒயரை மாத்துனா கப்புனு திரும்புமே!"

"இதுவும் உன்னை மாதிரிதான் மணி, சொன்ன பேச்சைக் கேக்காது," என்று ஒருவர்.

போர் மோட்டார் மூணு ஃபேஸ் கரண்ட், இது சிங்கிள் ஃபேஸ், வெளி ஒயரை மாற்றினால் திரும்பாது. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

மே 11, திங்கள்

ஆள் அனுப்பினார் கோபாலண்ணன். கோயில் ஷெட்டுக்குள் நான் போகக் கூடாது. மோட்டார் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தது. நைனாவும் என்னோடு வந்தார். எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ, எனக்கு பிளாஸ்டிக் கப். முன்னேற்றம். நைனா காலத்தில் தேங்காய்த் தொட்டி.

உள்ளே இரண்டு காயில். ஒன்று மோட்டாரை ஓட்டுவது, இன்னொன்று கிளப்பிவிடுவது. வெளியே வரும் ஒயரை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே மாறும், திசை அப்படியே இருக்கும். கிளப்பும் காயிலின் இரண்டு முனையை மட்டும் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டும். கடையில் தினம் செய்த வேலை. மூடியைக் கழற்றி, கட்டு நூலை அறுத்து, முனைகளைப் பிரித்தேன். பிரித்த பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, வண்டி எங்க தெருவுக்கு வரணும். அம்மா கால் ஒடிஞ்சி கீறாங்க."

"இன்னாடா சேகரு, அம்மவாரு கிட்டயே பேரமா?"

"அம்மன் கிட்ட இல்ல. உங்க கிட்ட."

நைனா என் தோளைப் பிடித்து அழுத்தினார். "செய்டா. சாமி வேலை."

"சரேலே, சரி, பாக்கலாம்," என்றார் கோபாலண்ணன்.

பாக்கலாம் என்ற ஒரு சொல்லுக்கு முனைகளை மாற்றி, ஈயம் பற்றவைத்து, டேப் சுற்றிக் கொடுத்தேன். சக்கரம் வலம் சுற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். மணி பக்கத்தில் வந்து, "எந்த முனைடா மாத்துனே?" என்றான். காட்டினேன். அவன் மேல் எனக்கென்ன கோபம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், வண்டி வரும் என்று. சொல்லியிருக்கக் கூடாதோ?

மே 12, செவ்வாய்

காலையில் பை கட்டியாயிற்று. சர்டிபிகேட், போட்டோ, இரண்டு சட்டை.

தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம். பெண்கள் வேப்பிலைத் தோரணம் கட்டுகிறார்கள். அம்மா இப்போதே நாற்காலியை வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மடியில் தட்டு. "வண்டி சாயந்திரம்தானே?" என்றால், "இருக்கட்டும், எனக்கின்னா வேலை?" என்கிறாள்.

தப்பட்டைச் சத்தம் கேட்கிறது. போகிறேன்.

மே 13, புதன்

காலை. தெரு முனைக் கல்வெர்ட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி எதிரே நிற்கிறது. தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள்.

நேற்று நடந்தது. வண்டி பெரிய தெருவில் வந்தது. நடுவில் இடப்பக்கம் திரும்பியது. ஆம், இடப்பக்கம். கோபாலண்ணன் மகன் புதிதாகத் திறந்த எஸ்.டி.டி. பூத் அந்தச் சந்தில்தான். பூத் வாசலில் தேங்காய், கற்பூரம். நல்லா ஓடட்டும் என்று அம்மன் பார்த்தாளாம். ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு எங்கள் முனை. டிராக்டர் நேராகப் போகப் பார்த்தது. நான் குறுக்கே நின்றேன்.

"தள்ளுடா!" என்றார்கள். இரண்டு பேர் சட்டையைப் பிடித்தார்கள். பொத்தான் போயிற்று.

அப்போது தப்பட்டை நின்றது. முதலில் ஒன்று. அது நைனாவுடையது. பிறகு எல்லாம்.

கோபாலண்ணன் கத்தினார். "ஏம்ரா முனுசாமி, அடி!"

நைனா தப்பட்டையைத் தோளிலிருந்து கழற்றி ரோட்டில் வைத்தார். "கை நோவுதுங்க."

அவ்வளவுதான் பேசினார். என்னைப் பார்க்கவில்லை. தப்பட்டை இல்லாமல் வண்டியை நகர்த்த டிரைவருக்கே தைரியமில்லை, இறங்கிப் போய்விட்டான். ஜெனரேட்டரில் டீசல் தீரும்வரை சக்கரம் வலமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கட்டிய கட்டு, சூடுகூட ஏறவில்லை.

அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. தட்டில் பூ வாடிவிட்டது. வேறு பூ வைத்திருக்கிறாள்.

சென்னை பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று. மத்தியானம் இன்னொன்று உண்டு. அதையும் விட்டால் வேலை இல்லை.

கோபாலண்ணன் இப்போது வந்தார். வேட்டி மாற்றியிருக்கிறார், கண் சிவந்திருக்கிறது. வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். நைனா ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார், முன்னால் தப்பட்டை. எழுந்து போய்க் கேட்டேன்.

"அண்ணா, பூத்துக்குத் திரும்பின வண்டியை எங்க தெருவுக்குத் திருப்புங்க. எங்க அம்மா உக்காந்துக்கினு கீறாங்க. திருப்புங்க."

கோபாலண்ணன் தார்ப்பாயை அவிழ்க்காமல், கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் மறுபடி கல்வெர்ட்டில் உட்கார்ந்துவிட்டேன்.