சிவப்பு நூல் கட்டிய டேப்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் நலம். நீயும் நலம் என்று மாமா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். நான் போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. மாமா செய்தால் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதை எடுக்காமல் இருக்க முடியாது, தபால்காரர் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

கடையில் தலைக்கு மேல் வேலை. பள்ளி திறக்கப் போகிறது, சீருடை தைத்து மாளவில்லை. பெரிய மிஷினில் பெல்ட் அறுந்து, மாமா அதைச் சரி செய்கிறேன் என்று உட்கார்ந்து, நல்லாயிருந்த சின்ன மிஷினையும் சேர்த்துக் கெடுத்தார். பிறகு மெக்கானிக் வந்து இரண்டையும் ஓட வைத்தான்.

மாடியில் நம் பொம்மைப் படை லீக் நடக்கிறது. நீ போனதும் மேசைகளை மடக்கிப் போட்டுவிடுவேன் என்று நினைத்திருந்தால் ஏமாந்தாய். இப்போது இருபத்திரண்டு பேர், ஆறு மேசை. நடுவில் ஒரு சிக்கல் வந்தது. பல் டாக்டரை ஞாபகம் இருக்கும். தன் குட்டிச் சிப்பாய்களுக்கு மூன்று மாதம் உட்கார்ந்து வண்ணம் பூசுவார், அரை மணி நேரத்தில் அத்தனை பேரையும் பறிகொடுத்துவிட்டுச் சிரிப்பார். ஆள் குறைந்த ஒரு நாளில் அவரைக் கணக்கு வாத்தியாரோடு ஆடவிட்டேன். வாத்தியார்தான் விதிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆடுகிறவராயிற்றே. இரண்டாம் சுற்றிலேயே டாக்டரின் படை காலி. "பல்லு புடுங்கும்போது நான்கூட மரத்துப்போக ஊசி போடுவேன் சார்" என்று டாக்டர் சொல்ல, அறையே சிரித்தது. ஆனால் அடுத்த வாரம் டாக்டர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவரோடு சேர்ந்து வருகிற மூன்று பேரும் வரவில்லை.

நம் கடையில் பொத்தானுக்கா பஞ்சம்? மாடிப்படி முடிகிற இடத்தில் இரண்டு டப்பா வைத்தேன். பொழுதுபோக்காக ஆட வருகிறவர் வெள்ளைப் பொத்தான் எடுக்க வேண்டும், ஜெயிக்க வருகிறவர் கறுப்பு. வெள்ளைக்கு எதிரே வெள்ளைதான், கறுப்புக்கு எதிரே கறுப்புதான். புள்ளிப் பட்டியல் கறுப்புக்கு மட்டும். வெள்ளை மேசையில் தெரியாமல் நகர்த்திவிட்டால் திரும்ப எடுத்து வைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். டாக்டர் திரும்பி வந்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், வாத்தியாரே மாதத்தில் ஒரு நாள் வெள்ளை எடுக்கிறார். அன்றைக்கு விதிப்புத்தகம் பைக்குள்ளேயே இருக்கும்.

நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் வெட்டுகிற மேசையில் என் டேப்பைக் காணோம். மாமா ஜன்னலை அளக்க எடுத்துப்போய் எங்கேயோ வைத்துவிட்டார். அவசரத்துக்கு, மாடியில் ஆட்டத்துக்குத் தூரம் அளக்கிற லீக் டேப்பை எடுத்து வந்து, நோட்டில் இருந்த அளவுப்படி வங்கி மேனேஜரின் பேண்ட்டை வெட்டித் தைத்தேன். போட்டுப் பார்க்க வந்தவர், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். கால் பக்கம் தரையைப் பெருக்கியது. "நான் எளச்சிட்டேனாம்மா?" என்று ஆசையாகக் கேட்டார் பாவம்.

அவர் போனதும் டேப்பை இரும்பு ஸ்கேலின் மேல் நீட்டி வைத்தேன். டேப்பில் பன்னிரண்டு என்று போட்டிருக்கும் இடம், ஸ்கேலில் பன்னிரண்டேகால். இழுத்து இழுத்துத் துணி நீண்டுபோயிருந்தது. நுனியைத் திருப்பினேன். அங்கே ஒரு நூல் முடிச்சு. அழுக்கேறிப் பழுப்பாகியிருந்தது, நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு. வெட்டுவதற்கு லாயக்கில்லை என்று ஒதுக்குகிற டேப்புக்கு நான்தான் சிவப்பு நூல் கட்டுவேன். லீக் தொடங்கின அன்று, பொம்மைப் படைக்கு இது போதும் என்று பெட்டியில் தூக்கிப் போட்டதும் நான்தான். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டேகால். அதை எங்கே கேட்டேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போன வருடம் இறுதி ஆட்டத்தில், வாத்தியாரின் வில்வீரர்களிடமிருந்து உன் பீரங்கியைப் பன்னிரண்டேகால் அங்குலம் தள்ளி வைத்தாய், உன் இரும்பு டேப்பால் அளந்து, அளவை உரக்கச் சொல்லி. ஆட்ட விதிப்படி அம்பு பன்னிரண்டு வரைதான் போகும். வாத்தியார் லீக் டேப்பை வைத்தார், சரியாகப் பன்னிரண்டு. பீரங்கி போனது, கோப்பையும் போனது. லீக் டேப் சொல்வதே முடிவு என்ற விதியை எழுதினவன் நீ. அதனால் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டாய். நடுவராக இருந்த நான் அதோடு வாயை மூடியிருக்கலாம். தம்பிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. பதினாலு பேர் முன்னால், "அளவுல கை வைக்கிறவன் யாரா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றேன்.

வீரர்களை ஒவ்வொருவராகப் பஞ்சில் படுக்க வைத்துப் பெட்டியை மூடினாய். வாத்தியாருக்குக் கை கொடுத்தாய், படி இறங்கிப் போனாய். இரண்டு மாதத்தில் வேலை கிடைத்து ஊரை விட்டே போய்விட்டாய். வாசலில் மாமாவைக் கட்டிக்கொண்டாய், என்னிடம் "வரேன்" என்று மட்டும் சொன்னாய். தோற்றதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான் என்றுதான் நானும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அளந்து பிழைக்கிறவள் நான். நானே ஒதுக்கின டேப்பை வைத்து, சரியாக அளந்தவனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடமும் ஒரு பேண்ட்டும் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன் எல்லாரையும் கூப்பிட்டு, டேப்பையும் ஸ்கேலையும் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டேன். டாக்டர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாத்தியார் மூன்று தடவை அளந்து பார்த்தார், அளக்காமல் நம்புகிற ஆளா அவர்? மறுநாள் காலையில் கோப்பையைக் கொண்டுவந்து கடையில் வைத்தார். "இது என்னுது இல்லம்மா. உங்க தம்பியுதும் இல்ல. அந்த ஆட்டம் இன்னும் முடியவே இல்ல" என்றார்.

ஒவ்வொரு நகர்த்தலையும் அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாரே, அதைப் பார்த்து ஆறாவது மேசையில் அந்த ஆட்டத்தை அப்படியே அடுக்கிவிட்டார். உன் படைக்குப் பதிலாக டாக்டரின் சிப்பாய்கள் நிற்கிறார்கள். உன் பீரங்கிக்கு ஒரு நூல்கண்டு. புதிதாக வாங்கின இரும்பு டேப்பால் அந்தப் பன்னிரண்டேகாலை நானே அளந்து வைத்தேன். அந்த மேசையில் யாரும் கை வைக்கக் கூடாதாம். சீருடை மூட்டையை ஓரமாக வைக்கப் போனதற்கே வாத்தியார் என்னை அதட்டினார்.

லீவு கிடைத்தால் வா தம்பி. உன் பீரங்கியைக் கொண்டுவந்து அந்த நூல்கண்டை எடுத்துவிடு. எந்தப் பொத்தானை எடுத்தாலும் சரி.

பழைய டேப்பை இதோடு வைத்திருக்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம், உன் டேப்பை வைத்து நீயே அளந்து பார். பார்த்துவிட்டு ஒரு தடவை போன் செய்து என்னைத் திட்டு. மாமாவிடம் திட்டி என்னிடம் சொல்லச் சொல்லாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் வைக்கமாட்டேன்.

வேளைக்குச் சாப்பாடும், நோய்நொடி இல்லாத உடம்பும், உன்னை நம்புகிற மனிதர்களும் அங்கே உனக்குக் கிடைக்கட்டும்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அக்கா