பூசை முடிந்த பிறகு

சிவமயம்
சிதம்பரம்
9.12.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு, தில்லையம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

போனில் என் பெயரைப் பார்த்ததும் கட் செய்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பிரிக்காமலா இருந்துவிடுவீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெலிசியாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. என் மகன் ஸ்ரீதரை அவள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து நீங்கள் அவளோடு பேசுவதில்லை. அதைக் கிளற நான் வரவில்லை. உங்கள் மகள் சாப்பிட மாட்டேன் என்கிறாள், அதுதான் என் பயம். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை எடை கம்மி, இப்படியே போனால் அட்மிட் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வாய்க்கு என்னதான் வேண்டும் என்று நேற்று கெஞ்சினேன். "கிறிஸ்துமஸுக்கு எங்கம்மா வெக்கிற முட்டப்பால் குடிக்கணும்போல இருக்கு அத்தே" என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் "ஒண்ணும் வேணாம் உடுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்கு அதை வைக்கத் தெரியாது. மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டு அடுப்பில் முட்டை ஏறாது. அதற்காக மாடியில் தனியாக ஒரு கரண்ட் அடுப்பும் பாத்திரமும் வாங்கி வைத்துவிட்டேன். பச்சை முட்டை பிள்ளைத்தாச்சிக்கு ஆகுமா, ஆகாதா? தயவுசெய்து பக்குவத்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
தில்லையம்மாள்


மரியே வாழ்க
கடலூர் முதுநகர்
12.12.2025

திருமதி தில்லையம்மாள் அவர்களுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன். உறவு கொண்டாட இல்லை.

பாலைச் சுண்டக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள். மஞ்சள் கருவை மட்டும் எடுத்துச் சர்க்கரையோடு நுரைக்க அடியுங்கள். பாலைத்தான் அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் பொடிமாஸ்தான் கிடைக்கும். பிறகு சிறு தீயில் வைத்துக் கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதம் வரும்வரை விடாமல் கிண்டுங்கள். முட்டை வெந்துவிடும், பயம் வேண்டாம். ஜாதிக்காயைப் பெயருக்கு உரசினால் போதும். என் வீட்டுக்காரர் தன் டம்ளரில் மட்டும் கொஞ்சம் ரம் விட்டுக்கொள்வார். அதையும் சேர்த்து வைக்காதீர்கள்.

ஒன்று முக்கியம். பூசை முடிந்த பிறகுதான் குடிக்க வேண்டும். அதற்கு முன் எவ்வளவு கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அப்படித்தான் அவளை வளர்த்தேன்.

கால் வீங்கியிருக்கிறதா? ஒருக்களித்துப் படுக்கிறாளா? மல்லாந்து படுக்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. நீங்கள் பதில் போட வேண்டும் என்றில்லை. போட்டால் இதை எழுதுங்கள். நான் எழுதியதை அவளிடம் சொல்லக் கூடாது.

புஷ்பமேரி


சிவமயம்
சிதம்பரம்
18.12.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது. ஒருக்களித்துத்தான் படுக்கிறாள், நான் போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

கிறிஸ்துமஸ் வரை எனக்குப் பொறுக்கவில்லை, நேற்றே வைத்துவிட்டேன். முதல் தடவை நீங்கள் சொன்ன பொடிமாஸேதான். இரண்டாம் தடவை பதம் வந்தது. விரதம் என்பதால் நான் ருசி பார்க்க முடியாது. ஸ்ரீதரைக் கூப்பிட்டு வாயில் ஊற்றினேன். நல்லா இருக்கு என்றான்.

பூசை முடிந்த பிறகு என்று எழுதியிருந்தீர்களே, அப்படியே செய்தேன். விடியலில் குளித்து, விளக்கேற்றி, திருவெம்பாவை படித்து, கற்பூரம் காட்டி, அதற்குப் பிறகுதான் டம்ளரை அவள் கையில் கொடுத்தேன். "இப்பதான் பூசை முடிஞ்சிது, குடி" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு! எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு. "அத்தே, அது இந்தப் பூசை இல்ல. சர்ச்சுல நடக்குற பூசை" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நீயும் சர்ச்சுக்குப் போயிட்டு வந்து குடியேன்" என்றேன். "நான் எங்க போறது? 'நான் இருக்குற கோயில்ல உன் மூஞ்சியப் பாக்கக் கூடாது'ன்னு அம்மா சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து எந்தக் கோயில் படியும் ஏறல" என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். வைத்தது வைத்தபடி ஆறிப்போயிற்று. யார் பக்குவம் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பண்டிகை முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தூக்கமே இல்லை. இருபத்துநான்காம் தேதி ராத்திரிப் பூசைக்கு அவளைக் காரில் உங்கள் கோயிலுக்கே அழைத்து வருகிறேன். நீங்கள் பேச வேண்டாம். அவளைப் பார்த்ததும் எழுந்து போகாமல் இருந்தால் போதும். ஒரு வரி எழுதுங்கள்.

தில்லையம்மாள்


மரியே வாழ்க
கடலூர் முதுநகர்
21.12.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

அவளை அழைத்து வராதீர்கள். இந்தப் பனியில், இந்தக் குண்டும் குழியுமான ரோட்டில், அந்த வயிற்றோடா? நல்ல ஆள் நீங்கள்.

நான் வருகிறேன். கிறிஸ்துமஸ் அன்று சிதம்பரத்து மாதா கோயிலில் காலையிலும் பூசை உண்டு, கேட்டுவிட்டேன். முதல் பஸ்ஸில் வந்து கோயிலிலேயே இருப்பேன். நான் வருவதை அவளிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் வந்து நின்று அவளைப் பயமுறுத்தக் கூடாது. தெரிந்தால் வர மாட்டாளோ என்றும் இருக்கிறது. என்ன செய்ய, ஆனாலும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

முட்டைப்பாலை நீங்களே வையுங்கள். நான் வைத்தால் கோபத்தில் வேண்டாம் என்பாள். பூசை முடிந்து, உங்கள் கையால் கொடுத்தால் குடிப்பாள்.

நீங்களும் உள்ளே வாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கும் எனக்கும் நடுவில் உட்காருங்கள். பூசையில் ஓர் இடத்தில் சாமியார் சமாதானம் சொல்வார். அப்போது எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவோம். பேச வேண்டியதில்லை, கும்பிட்டால் போதும். அவள் உங்களைத்தான் கும்பிடுவாள்.

அந்த நேரத்தில் மட்டும் நீங்கள் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி,
புஷ்பமேரி